பர்க்கியன்: ஒரு பெயரின் விடுபட்ட பாதி

ஆங்கில அரசியல் எழுத்தில் அடிக்கடி கண்ணில் படும் சொல் ‘பர்க்கியன்’. மரபை மதிப்பவர், மாற்றம் மெல்ல மெல்ல வரவேண்டும் என்பவர், ஏட்டுத் தத்துவத்தைக் கொண்டு நாட்டைத் திருத்தப் புறப்படுபவர்களை நம்பாதவர் ஆகியோருக்கு அந்தப் பட்டம் சூட்டப்படுகிறது. டப்ளினில் 1729இல் பிறந்து, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இருந்த எட்மண்ட் பர்க்கின் குடும்பப் பெயரிலிருந்து வந்தது அது. ‘பர்க்கியன்’ இன்று தரும் பொருள் தவறில்லை, ஆனால் அது பாதிதான். எஞ்சிய பாதிக்கான சான்றுகளில் மிக வலுவானவை ஆர்க்காட்டையும் தஞ்சாவூரையும் பற்றியவை.

இன்றைய பொருள் பர்க்கின் காலத்தில் உருவானதன்று. அவர் விக் கட்சிக்காரர். அமெரிக்கக் குடியேற்றங்களோடு சமரசம் வேண்டுமென்று 1775இல் வாதாடியவர். உறுப்பினர் தம் தீர்ப்பின்படி நடக்க வேண்டும், வாக்காளரின் கட்டளையை ஒப்பிக்கக்கூடாது என்று 1774இல் பிரிஸ்டல் மக்களிடமே சொன்னவர். அயர்லாந்தின் வணிகத்துக்கும் கத்தோலிக்கரின் உரிமைக்கும் துணைநின்றது, 1780இல் அந்தத் தொகுதியை அவர் இழக்க ஒரு காரணமாயிற்று. பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து 1790இல் எழுதிய நூல்தான் பிற்காலத்தில் மற்ற எல்லாவற்றையும் மறைத்தது. 1830க்கும் 1914க்கும் இடையே இந்த மாற்றம் படிப்படியாக எப்படி நிகழ்ந்தது என்பதை எமிலி ஜோன்ஸ் 2017இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டுகிறார். 1886இல் ஐரிஷ் தன்னாட்சி மசோதா வந்தபோது ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் என இரு தரப்பாருமே பர்க்கைத் துணைக்கு அழைத்தார்கள். அப்படி இரு பக்கமும் புழங்கிய பெயரை அமெரிக்காவில் 1953இல் ரஸ்ஸல் கர்க்கின் நூல் பழமைவாதத்தின் மூலவர் பெயராகவே நிலைநிறுத்தியது.

விடுபட்ட பாதிக்குச் சான்றாக, 1785 பிப்ரவரி 28 அன்று பர்க் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையை எடுத்துக்கொள்வோம். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஊழியர்களிடமே கடன் வாங்கி, ஈடாகத் தம் ஆளுகையிலிருந்த கர்நாடகச் சீமையின் வரி வருவாயை எழுதிக்கொடுத்துவந்தார். கடன் கொடுத்தவர்களில் பேர்பெற்றவர் பால் பென்ஃபீல்ட். எந்தக் கடன் உண்மை, எது புனைவு என்று விசாரிக்காமலே அந்த வருவாயிலிருந்து தீர்த்துவிட பிரதமர் பிட்டின் அரசு முடிவு செய்தது. கடன் என்ற பெயரில் உழவனின் விளைச்சல் லண்டனுக்குப் போகிறது என்று பர்க் சீறினார். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் அழிந்த நாட்டை விவரித்தபின், ஏரிகளுக்கு வந்தார். மழையை நம்பிய அந்த மண்ணில் நீரைத் தேக்கிவைப்பதற்கே பெரும்பொருள் வேண்டும். செங்கல்பட்டுச் சீமையின் வரைபடத்தில் மட்டும் 1,100க்கும் மேற்பட்ட ஏரிகள், கர்நாடகச் சீமையிலும் தஞ்சையிலும் பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாது என்று கணக்குச் சொன்னார். அவற்றை வெட்டிய மன்னர்கள் தமக்குப் பின் வரும் தலைமுறைகளையும் பேணியவர்கள் என்று போற்றினார். அந்த விவாதத்தில் அவர் ஆதரித்த தீர்மானம் தோற்றது. ஆனால் முன்னோர் விட்டுச்சென்றதைக் காப்பது என்ற அவருடைய கொள்கை இங்கே யாருக்கு எதிராக நிற்கிறது என்று பாருங்கள்: ஏரியைத் தூர்ந்துபோக விட்டு வட்டி வசூலிக்கும் அதிகாரத்துக்கு எதிராக. ஐந்தாண்டு கழித்துப் பாரிஸைப் பற்றி எழுதியபோதும் அதே அளவுகோலைத்தான் கையில் வைத்திருந்தார்.

இந்த ஒருமையை ஆய்வுலகம் மெல்லத்தான் கண்டுகொண்டது. அமெரிக்கா, அயர்லாந்து, இந்தியா, பிரான்ஸ் என நான்கிலும் அவர் எதிர்த்தது அதிகார அத்துமீறலையே என்று கோனர் குரூஸ் ஓ’பிரையன் 1992இல் வாதிட்டார். பிற்காலத் தாராளவாதிகள் இந்தியரைக் குழந்தைகளாகக் கண்டபோது, பர்க் அவர்களைத் தமக்கென முழு வாழ்வுடையவர்களாகக் கண்டார் என்றார் உதய் சிங் மேத்தா, 1999இல். ஜெனிஃபர் பிட்ஸும் (2005) ரிச்சர்ட் பர்க்கும் (2015) வெவ்வேறு வழிகளில் பேரரசு பற்றிய சிந்தனையை அவருடைய அரசியலின் நடுவிடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

மறுப்புகள் வலுவானவை. அவர் பேரரசை ஒழிக்கச் சொல்லவில்லை, சீர்செய்யவே சொன்னார். அதுவும் பேரரசைக் காக்கும் வழியே என்று டேனியல் ஓ’நீல் 2016இல் எழுதினார். இது மெய். ஆனால் நாம் தேடுவது விடுதலை வீரரை அன்று. அதிகாரம் ஆளப்படுபவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற கொள்கையை. 1788இல் தொடங்கி 1795இல் விடுதலையில் முடிந்த வங்காளத்தின் தலைமை ஆளுநராயிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான வழக்கில், ஆசியாவுக்கு ஒரு நீதி ஐரோப்பாவுக்கு ஒரு நீதி என்பதை அவர் ஏற்கவே மறுத்தார். அடுத்தது சுயநலக் குற்றச்சாட்டு. அவருடைய உறவுமுறை நண்பர் வில்லியம் பர்க் தஞ்சை ராஜாவின் முகவராக இருந்தார். தஞ்சைக்கு எதிரியான நவாப் மேல் பர்க்கின் பகை அங்கேதான் பிறந்தது என்பார்கள். தொடக்க ஆர்வத்தை அது விளக்கலாம். வங்காளத்தையும் அவத்தையும் பற்றிய ஹேஸ்டிங்ஸ் வழக்கை, வெல்லும் வாய்ப்பு மங்கிய பிறகும், கட்சி நண்பர்கள் சலித்த பிறகும் ஏழாண்டு சுமந்ததை அது விளக்காது.

சொல்லின் பொருளை வழக்கே தீர்மானிக்கிறது, வரலாற்றைக் காட்டி அதைத் திருத்த முடியாது என்பது கடைசி மறுப்பு. பொதுவாக இது சரி. ஆனால் ஒரு மனிதரின் பெயரைச் சூட்டிக்கொள்பவர் அவருடைய அதிகாரத்தையும் சேர்த்தே கோருகிறார். அந்தக் கோரிக்கையைச் சோதிக்க நமக்கு உரிமை உண்டு. இருப்பதைக் காப்பேன் என்று மட்டும் சொல்பவர் பர்க்கியன் ஆகிவிடமாட்டார். அந்த இருப்பை யார் கட்டினார்கள், இன்று யார் சுரண்டுகிறார்கள், சுரண்டுபவரிடம் கணக்குக் கேட்பது யார் என்ற கேள்விகளையும் அவர் எழுப்ப வேண்டும். அவற்றைத் தவிர்ப்பவருக்குப் பழமைவாதி என்ற சொல்லே போதும். பர்க்கின் பெயரை அவர் கடன்வாங்கத் தேவையில்லை.