ஒரே கருப்பொருள், வெவ்வேறு வினாக்கள்

இனம், அடையாளம், பண்பாடு ஆகியவற்றைப் பேசும் ஒரு நாவலில் மனம் ஒன்றிய வாசகர், அதனை ஒத்த பிற ஆசிரியர்களைத் தேடுவது இயல்பே. தையிப் ஸாலிஹ், லைலா அபுலேலா, அப்துல்ரசாக் குர்னா ஆகியோர் அவ்வாறு ஒரே வரிசையில் வைக்கப்படுபவர்கள். ஆப்பிரிக்க முஸ்லிம் சூழலில் வளர்ந்து பிரிட்டனுக்குப் பெயர்ந்தவர்கள் என்பது மூவருக்கும் பொது. ஆயினும், கருப்பொருள் ஒன்றாயிருப்பதால் பார்வையும் ஒன்றாகிவிடாது.

ஸாலிஹ் 1966இல் வெளியிட்ட 'வடக்கு நோக்கிப் புலம்பெயரும் பருவம்' எனப் பொருள்படும் அரபி நாவலில், சூடானிலிருந்து லண்டன் சென்று பொருளியல் அறிஞனாகும் முஸ்தஃபா ஸயீத், காலனி ஆதிக்கம் தந்த காயத்திற்குப் பெண்களின் வழியே பழிதீர்க்க முனைகிறான். கீழ்த்திசையைப் பற்றி வெள்ளையர் புனைந்த பொய்ச் சித்திரத்தையே ஆயுதமாக்கியவன், முடிவில் அதற்கே இரையாகிறான்.

அபுலேலாவின் 'மினரெட்' (2005) வேறு திசையில் செல்கிறது. கார்ட்டூமின் செல்வக் குடும்பத்தில் பிறந்த நஜ்வா, 1985ஆம் ஆண்டின் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் லண்டனில் வீட்டுப் பணிப்பெண்ணாகிறாள். நாடும் செல்வமும் கைவிட்ட அவளுக்குப் பள்ளிவாசல் புகலிடமாகிறது. எனினும், அவளை வேலை வாங்குவதும் செல்வமிகு முஸ்லிம் வீடே என்பதை நாவல் ஆழ்ந்து வினவவில்லை என்பது நம் மதிப்பீடு.

அந்த வினாவை எழுப்புபவர், 1948இல் ஸான்ஸிபாரில் பிறந்து 2021இல் நோபல் பரிசு பெற்ற குர்னா. அவரது 'பாரடைஸ்' (1994) நாவலில், தந்தையின் கடனுக்கு ஈடாகப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் யூஸுஃப், வணிகர் அஸீஸிடம் ஒப்படைக்கப்படுகிறான். திருக்குர்ஆன் கூறும் யூஸுஃப் நபியின் வரலாறு இங்கு நிழலாகத் தொடர்கிறது. நபிக்குக் கிட்டிய மீட்சி இச்சிறுவனுக்குக் கிட்டவில்லை. அவன் இறுதியில் ஜெர்மானியரின் படைப்பிரிவைத் தொடர்ந்து ஓடுகிறான். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் ஐரோப்பியர் ஆட்சிக்கு முன்பே அடிமை வணிகம் நடந்தது; அதை நடத்தியோரில் முஸ்லிம்களும் இருந்தனர்.

அரபிக்கும் அரபியல்லாதவருக்கும், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பிறப்பால் ஏற்றத்தாழ்வில்லை என அறிவித்த இறுதிப் பேருரையை மிம்பரில் கேட்டுப் பெருமிதம் கொள்வது எளிது. அதற்கு மாறாக நம்மவர் நடந்துகொண்ட வரலாற்றைப் படிப்பது கடினம். ஒத்த ஆசிரியரைத் தேடும்போது நாம் பெரும்பாலும் நமக்கு நேர்ந்த அநீதியைப் பேசுவோரையே தேடுகிறோம். ஸாலிஹ் வடக்கை நோக்கி எழுப்பிய வினாவைக் குர்னா நம் வீட்டு முற்றத்தில் எழுப்புகிறார். ஸாலிஹை விரும்பிய வாசகர் அடுத்துக் குர்னாவைக் கையிலெடுக்க வேண்டும் என நாம் கூறுவது இதனாலேயே.