வராத பல்லை எண்ணாத கணக்கு

பல்நலக் கணக்கெடுப்பு என்றால் என்ன செய்கிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். சொத்தைப் பல் எத்தனை, சொத்தையால் இழந்தது எத்தனை, அடைத்தது எத்தனை என்று கூட்டுகிறார்கள். அமெரிக்காவின் க்ளைன், பாமர், நட்சன் ஆகியோர் 1938-இல் வெளியிட்ட முறை இது. சொத்தையை அளப்பதற்கு நல்ல முறைதான். ஆனால் ஈறுக்குள்ளேயே சிக்கிக்கொண்ட முன்பல் இதன் கண்ணில் படாது. உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டில் முளைக்காத பல்லுக்கென ஒரு குறியீட்டு எண் உண்டு. எழுதுவதோடு சரி, கூட்டலில் அது சேராது!

காஞ்சிபுரத்துக்கு மேற்கே உள்ள தாமலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை எண்ணிப் பாருங்கள். சொத்தை இல்லை, ஆகவே குறையும் இல்லை. மேல்வரிசை நடுவில் ஓர் இடைவெளி மட்டும். "விழுந்த பல் முளைக்காமல் போகுமா?" என்பார் பாட்டி. பெரும்பாலும் முளைக்கும். ஆனால் வழியில் மிகைப்பல் ஒன்று குறுக்கே கிடந்தாலோ, இரண்டு மூன்று வயதில் விழுந்து பாற்பல் உள்ளே குத்தி, கீழே உருவாகிக்கொண்டிருந்த நிலைப்பல்லின் வேர் வளைந்திருந்தாலோ முளைக்காது.

மேல் நடுப்பல் 7, 8 வயதில் வரவேண்டும். இணைப்பல் வந்து ஆறு மாதமாகியும் மற்றது வரவில்லையெனில் எக்ஸ்ரே தேவை. நடுப்பல் வராமல் பக்கத்துப் பல் முந்திக்கொண்டாலும் அப்படியே. இந்த இரண்டாவது அடையாளத்தைக் காண மாதக்கணக்கு வேண்டாம். ஒருமுறை வாயைப் பார்த்தாலே போதும். அதைக்கூடப் பரிசோதனைத் தாளில் கேட்காதது சரியல்ல.

ஏன் அவசரம்? வேர் சுமார் 10 வயதில் முற்றுகிறது. அதற்கு முன் மிகைப்பல்லை அகற்றி இடம் செய்துகொடுத்தால், பல குழந்தைகளுக்குப் பல் தானே இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஈற்றைத் திறந்து, பல்லின்மேல் சிறு பிடிப்பை ஒட்டி, மெல்லிய சங்கிலியால் மெதுவாக இழுக்க வேண்டும். (1955-இல் புவனகோர் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கும் வழி கண்ட பிறகே இந்த ஒட்டு வேலை எளிதாயிற்று. அதற்கு முன் பல்லின் கழுத்தில் கம்பியைச் சுற்றிக் கட்டினார்கள்.) இது மாதக்கணக்கில் நடக்கும் சிகிச்சை. தாமலிலிருந்து சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் ஒவ்வொரு நாளும் நெசவுக் குடும்பத்தில் ஒரு தறி நின்றுபோகும். எட்டு வயதில் கண்டுபிடித்தால் அந்த நாட்களில் பலவும் மிச்சமாகலாம்.