மூட்டையும் சிலம்பும்

கதை படிக்கிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கதாநாயகன் மூட்டையில் என்ன வைத்திருந்தான், வழியில் அது எப்படிச் செலவாயிற்று என்பதுதான் அது. அற்ப விஷயம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் எழுதிப் பார்த்தவனுக்குத் தெரியும்: ஒரு மனிதன் எதை எடுத்துக்கொண்டு எதை விட்டுவிட்டுப் புறப்படுகிறான் என்று சரியாகச் சொல்லிவிட்டால், அவன் குணத்தில் பாதியைச் சொல்லியாகிவிட்டது. இந்தச் சூட்சுமத்தை இன்றைக்கு நாவலாசிரியர்களைவிடக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைச் செய்கிறவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்டர்நெட்டில் பல பேர் கூடி, ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு ஆடும் விளையாட்டுகளைச் சொல்கிறேன். காட்டுக்குப் போய்ப் பூதங்களையும் மிருகங்களையும் கொன்று, படிப்படியாக நிலை உயர்வதுதான் ஆட்டம். ஆடுகிற பிள்ளைகள் கத்தியைப் பற்றியும் மந்திரத்தைப் பற்றியும்தான் பேசுவார்கள். என் அபிப்பிராயத்தில் ஆட்டத்தின் உயிர் இருப்பது பையில்.

கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002இல் வெளியிட்ட 'ரக்னராக் ஆன்லைன்' என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் பழைய விதிப்படி, சுமக்கக்கூடிய எடையில் பாதி ஏறிவிட்டால் உடம்பு தானாகத் தேறுவது நின்றுபோகும். பத்தில் ஒன்பது பங்கு ஏறிவிட்டால் கையை ஓங்கவே முடியாது. காயத்துக்கு மருந்து வாங்கிப் போக வேண்டும். சிவப்பு மருந்து ஒன்று 50 காசு, எடை 7. குடித்தால் குறைந்தது 45 பங்கு உயிர் ஏறும். வெள்ளை மருந்து 1200 காசு, எடை 15. குறைந்தது 325 பங்கு ஏறும். காசுக்குக் கணக்குப் பார்த்தால் சிவப்பு மூன்று மடங்கு லாபம். எடைக்குக் கணக்குப் பார்த்தால் வெள்ளை மூன்று மடங்கு லாபம். ஏழைக்கு ஒரு மருந்து, அவசரக்காரனுக்கு ஒரு மருந்து. இரண்டு வரி விதியில் இத்தனை வாழ்க்கையை அடைத்தவனைக் கலைஞன் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

கொன்ற மிருகங்கள் விட்டுப்போகும் தோலையும் கொம்பையும் சுமந்து வந்து விற்றால்தான் அடுத்த பயணத்துக்குக் காசு. போகும்போது மருந்தின் பாரம், வரும்போது சரக்கின் பாரம். ஒன்று குறையக் குறைய மற்றதற்கு இடம் உண்டாகிறது. மருந்து தீரும் நேரமும் பை நிறையும் நேரமும் ஒன்றாக அமையும்படி எண்ணிப் புறப்படுகிறவன்தான் கெட்டிக்காரன். ஊர் திரும்ப உதவும் பட்டாம்பூச்சிச் சிறகு ஒன்றை மட்டும் அவன் கடைசிவரை தொடமாட்டான். வியாபாரி வேஷம் கட்டியவனுக்குத் தள்ளுவண்டி உண்டு. தேர்ந்த வியாபாரிக்குக் கடைக்காரன் நூற்றுக்கு 24 தள்ளிக் கொடுப்பான். 1200 காசு மருந்து 912க்குக் கிடைக்கும். அவன் நடுத்தெருவில் வண்டியை நிறுத்தி, பலகை மாட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நமது மாசி வீதிகளின் நினைவு வரும்.

இந்தக் கட்டுப்பாடுகள் தொல்லை என்று பின்னால் வந்தவர்கள் நினைத்தார்கள். 2004இல் வெளியான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தில் வேடன் அம்புகளைச் சுமந்தாக வேண்டும். தீர்ந்தால் வில் வெறும் கழி. 2010இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஆடுகிறவர்களுக்குச் சௌகரியம்தான். ஆனால் அம்பை எண்ணாத வேடன் என்ன வேடன்? தொல்லையை நீக்கப்போய்ப் பாத்திரத்தையே நீக்கிவிட்டார்கள்.

இவ்வளவு பாராட்டியபின் குறையையும் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் பைக்கு எடை தெரிகிறது, காலம் தெரியவில்லை. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மாட்டுத்தாவணிச் சந்தைக்கு மல்லிகை கொண்டுவரும் சம்சாரியைக் கேட்டால் சொல்வார். பூவுக்குப் பாரமில்லை, விலை உண்டு. ஆனால் மொட்டு அவிழ்வதற்குள் விற்றாக வேண்டும். ரக்னராக்கில் கொன்ற மிருகத்தின் இறைச்சி வருஷக்கணக்கில் பையில் கெடாமல் கிடக்கும்.

இதைவிடப் பெரிய குறை இன்னொன்று. ஆட்டத்தின் கணக்குப்படி பார்த்தால், புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த கோவலனைப் போல் கச்சிதமாக மூட்டை கட்டியவன் கிடையாது. எடை குறைவு, விலை அதிகம்: சிலம்பு. மதுரைப் புறஞ்சேரியில் மாதரி கொடுத்த அரிசியையும் காய்கனியையும் கொண்டு கண்ணகி சமைத்துப் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, ஒற்றைச் சிலம்போடு விற்கப் புறப்பட்டான். ஆட்டமாக இருந்தால் கடைக்காரன் விலையைக் கொடுத்திருப்பான். அந்தக் கடைக்காரனுக்கு ஏமாற்றத் தெரியாது. எனவே அவனை நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. கோவலன் எதிர்ப்பட்டதோ அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருந்த பொற்கொல்லனிடம்.

பையில் ஒரே பெயருள்ள மருந்தோ சரக்கோ இரண்டு இருந்தால், ஆட்டத்துக்கு அவை ஒன்றேதான். அடுக்கி வைத்து எண்ணிக்கை போட்டுவிடும். காப்பியத்தின் சிலம்புகளும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம், பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் முத்து. அந்த வித்தியாசத்தில் ஒரு ராஜா செத்தான், ஓர் ஊர் எரிந்தது. பொருளுக்கு உள் உண்டு, அது ஒருத்தியின் காலில் கிடந்தது என்ற நினைவு ஆட்டத்தின் பையில் இல்லை.

ரக்னராக் ஓரிடத்தில் இதற்குக் கிட்டத்தில் வருகிறது. அங்கே கொல்லன் வேஷம் கட்டியவன் அடித்த ஆயுதத்தில் அவன் பெயர் நிற்கும். வாங்கியவன் கைமாற்றினாலும் பெயர் மாறாது. எடையும் விலையும் போதாது, யாருடையது என்றும் சொல்ல வேண்டும் என்று செய்தவர்களுக்கே அங்கே தோன்றியிருக்கிறது. அந்த வழியில் அவர்கள் இன்னும் நாலடி நடக்கட்டும். நாவல் எழுதுகிற நாமும் அவர்களிடமிருந்து மருந்துக் கணக்கைக் கற்றுக்கொள்ளலாம். நம்முடைய கதாநாயகர்களில் பலர் வழிச்செலவுக்குக் காசில்லாமலே பட்டணம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.