வாசலில் கேட்டு வாங்கும் கிளாஸ்

தனக்கு வேண்டியதைத் தானே ‘நியூ’ போட்டு உருவாக்கிக்கொள்ளாமல், கன்ஸ்ட்ரக்டர் வாசலில் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஜாவா கிளாஸில் ஒரு பணிவு இருக்கிறது. யூனிட் டெஸ்ட் எழுதும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. பணம் வசூலிக்கும் ஆர்டர் சர்வீஸ் ஒன்று. நிஜ ஓட்டத்தில் ஸ்பிரிங் அதன் கையில் உண்மையான பேமென்ட் கேட்வேயைக் கொடுக்கும். டெஸ்ட்டில் ஸ்பிரிங்கே வேண்டாம். மாக்கிட்டோவில் ஒரு போலி கேட்வே செய்து நானே கொடுத்துவிடுகிறேன். கிளாஸுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ‘கார்டு செல்லாது’ என்று சொல்லச் சொன்னால், போலி அப்படியே சொல்கிறது. நிஜ வங்கியிடம் நினைத்த நேரத்தில் அந்தப் பதிலை வாங்கிவிட முடியுமா? நேரத்தைக்கூட நிறுத்தலாம். ஜாவா 8-இல் வந்த கிளாக்கை வெளியிலிருந்து கொடுத்தால் போதும், நள்ளிரவுக்கு ஒரு நொடி முன்பாக உலகம் அசையாமல் நிற்கும்.

வசூல் ஒரே ஒரு தடவைதான் நடந்ததா என்று ‘வெரிஃபை’ வரி கேட்கும் அந்தக் கணம் எனக்கு மிகப் பிடிக்கும். விசையைத் தட்டிய ஓசை அடங்குவதற்குள் பச்சைக் கோடு வந்துவிடுகிறது. ஏழெட்டு போலிகள் தேவைப்பட்டால் மட்டும் கை தயங்கும். கிளாஸ் அளவுக்கு மீறிச் சுமக்கிறது என்று டெஸ்ட் மெல்லச் சொல்கிறது. ஃபீல்டில் ஆட்டோவயர்டு போட்ட பழைய கிளாஸ் உங்களிடம் இருந்தால், ஒரு மாலை ஒதுக்கி அதைக் கன்ஸ்ட்ரக்டருக்கு மாற்றிப் பாருங்கள்.