பதுமைகள் இடம் மாறினால் போதுமா?

ஐந்து பெண்கள் நிற்கிறார்கள். ஐவருக்கும் ஒரே கறுப்பு உடை. இதழில் ஒரே சிவப்புச் சாயம். ஒரே விதமாக இழுத்து வாரிய கூந்தல். முகத்திலே உணர்ச்சியின் நிழல்கூட இல்லை. ஆளுக்கொரு இசைக்கருவி உண்டு, இசையோ அவர்களுடையதன்று. வாசிப்பதுபோல் அசைகிறார்கள், அவ்வளவே! அவர்களுக்கு முன்னே, வெள்ளைச் சட்டையும் டையுமாகக் கனவான் ஒருவர் நின்று பாடுகிறார். 1986-இல் ஆங்கிலப் பாடகர் ராபர்ட் பால்மர் வழங்கிய ‘அடிக்டட் டு லவ்’ பாடலின் காணொளி இது. இயக்கியவர் டெரன்ஸ் டொனோவன், நிழற்படக் கலையில் பேர் பெற்றவர். படம் அழகாகவே இருக்கிறது, மறுப்பதற்கில்லை. துணிக்கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மையுந்தான் அழகாக இருக்கிறது!

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1999-இல் கனடா நாட்டுப் பாடகி ஷனாயா ட்வைன், ‘மேன்! ஐ ஃபீல் லைக் எ வுமன்!’ என்ற பாடலின் காணொளியில் பதிலடி தந்தார். இம்முறை ஆடவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒரே மாதிரி உடை, உறைந்த பார்வை, கையிலே கருவி. முன்னே நின்று பாடுபவள் பெண்! ‘சபாஷ், சரியான போட்டி!’ என்று கைதட்டத் தோன்றுகிறது. தட்டுவோம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. பால்மர் பாட்டு முடியும்வரை டையைக் கழற்றவில்லை. ட்வைனோ உயர்ந்த தொப்பி, முகத்திரை, நீண்ட மேலங்கி என்று வந்தவர், ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டே பாடுகிறார். ஆண் பதுமையானான், சரி. பெண் அரியணை ஏறினாள், அதுவும் சரி. ஏறிய பின்னும் காட்சிப் பொருளாகும் கடமை அவளை விட்டதா?

ஆடை குறைந்தால் பண்பாடு அழிந்தது என்று ஓலமிடும் வைதிகக் கூட்டத்தோடு சேர்ந்து நாம் கூவவில்லை. எதை அணிவது என்பது அவரவர் உரிமை. பாடும் ஆணுக்கு இல்லாத நிபந்தனை பாடும் பெண்ணுக்கு மட்டும் ஏன் என்பதே நம் வினா.

2013-இல் இங்கிலாந்தின் லில்லி ஆலன் ‘ஹார்ட் அவுட் ஹியர்’ என்று ஒரு காணொளி தந்தார். தொடக்கம் அருமை! அறுவை மேசையிலே அவர் கிடக்கிறார். இரு குழந்தைகளைப் பெற்ற உடலிலிருந்து மருத்துவர்கள் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். உடலை இப்படியா பெருக்கவிடுவது என்று அருகே நிற்கும் மேலாளர் கடிந்துகொள்கிறார். இசை வணிகத்தின் முகத்திரையைக் கிழிக்க இதைவிட நல்ல கத்தி ஏது? ஆனால் மேசையைவிட்டு எழுந்ததும் கத்தி திசை மாறுகிறது. ஆலன் உடல் மூடி நிற்க, சுற்றிலும் குறைந்த உடையில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். காமிரா அவர்கள் முகத்தையா தேடுகிறது? இல்லை. நையாண்டி என்றார்கள். கண்டனம் எழுந்தபோது, இனத்தை மனத்தில் வைத்து எடுத்ததன்று என்று பாடகி விளக்கினார். எண்ணத்தை யார் ஐயுற்றார்? 1810-இல் சாரா பார்ட்மன் என்ற தென்னாப்பிரிக்கப் பெண்ணை மேடையேற்றிக் காசு வாங்கிக் காட்டிய இலண்டன் மாநகரம், அந்த உடல்களை எந்தக் கண்ணால் பார்த்துப் பழகியது என்பதை எண்ண வேண்டாமா? வெள்ளை நங்கையின் விடுதலைக்குக் கறுப்பு நங்கையின் உடல் விளக்கப் படமா?

அமெரிக்கப் பாடகி பியான்சே 2008-இல் தந்த ‘இஃப் ஐ வேர் எ பாய்’ வேறு வகை. ஜேக் நாவா இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். பதுமை வரிசை இல்லை, பரிகாசமும் இல்லை. பியான்சே காவல்துறையில் பணியாற்றுகிறார். கணவன் காலை உணவு சமைத்து வைக்கிறான். அவள் பொருட்படுத்தாமல் போகிறாள். உடன் பணியாற்றும் ஆடவனோடு சிரிக்கிறாள். விருந்திலே அவனோடு ஆடுகிறாள். கணவன் வாடி நிற்கிறான். ‘என்ன பெண் இவள்!’ என்று நெஞ்சு கொதிக்கிறது. இறுதியில் வேடம் கலைகிறது. காவல் உடையில் நிற்பவன் கணவன். கலங்கி நிற்பவள் மனைவி. நடத்தையில் ஓர் அணுவும் மாறவில்லை. அவள் செய்தபோது கொதித்த நெஞ்சு, அவன் செய்யும்போது ‘ஆண்பிள்ளை, அப்படித்தான் இருப்பான்’ என்று அடங்கிவிடுகிறதே, ஏன்?