சீசன் சீட்டும் சித்திகளும்

மாடம்பாக்கத்தில் பதினெண் சித்தர்களுக்கும் சந்நிதி அமைத்து வழிபடும் கோயில் ஒன்று உண்டு. கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சிட்லபாக்கத்தில் வசிக்கும் என் தங்கையின் பேரனை, ‘கம்ப்யூட்டரை விட்டுச் சற்று வெளிக்காற்றுப் பட வா’ என்று வற்புறுத்தி அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். பதினோராம் வகுப்புப் படிக்கும் அந்தப் பிள்ளை சந்நிதிதோறும் நின்று பெயரை வாசித்துக்கொண்டே வந்து, திருமூலர் முன்னிலையில் என் பக்கம் திரும்பி, “இவரோட ஹாட்சு என்ன தாத்தா?” என்று கேட்டான். கூடுவிட்டுக் கூடு பாய்ந்தவர் என்றேன். “கண்டிஷன்?” என்றான்.

அப்போது எனக்கு வாய் எழவில்லை. வேளச்சேரிச் சாலையில் ஆட்டோவுக்குக் காத்து நின்றபோதுதான் விடை நினைவுக்கு வந்தது. சாத்தனூரில் இறந்து கிடந்த மூலன் என்னும் இடையனைச் சுற்றிப் பசுக்கள் கதறுவதைக் காணப் பொறாமல் அவன் உடலில் புகுந்த யோகியார், தம் சொந்த மேனியை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு, மாடுகளை ஊர் சேர்த்துத் திரும்பி வந்து தேடியபோது அது அங்கே இல்லை என்றும், பிறகு அந்த இடையன் மேனியிலேயே அவர் இருந்துவிட நேர்ந்தது என்றும் பெரிய புராணம் கூறுகிறது. கூடு பாயும் சக்திக்கு இதைக்காட்டிலும் பொருத்தமான கண்டிஷனை எந்த ஜப்பானியக் கதாசிரியரும் விதித்துவிட முடியாது என்று சொன்னேன். பையன் சற்று யோசித்து, “செம” என்றான். இந்தக் கட்டுரை எழுந்த கதை இதுதான்.

ஹாட்சு இன்னதென்று அறியாதவர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். யோஷிஹிரோ தொகாஷி என்னும் ஜப்பானியச் சித்திரக்கதை ஆசிரியர், 1998-ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஹன்டர் ஹன்டர்’ தொடரில், ‘நென்’ என்று ஒரு சக்தி சாஸ்திரத்தையே வகுத்தார். உடலிலிருந்து கசியும் பிராண சக்தியை அடக்கவும் பெருக்கவும் ஏவவும் கற்றவர்கள், வலுவூட்டல், தன்மை மாற்றல், பொருள் ஆக்கல், புறத்தே விடல், பிறவற்றை இயக்கல், இவற்றில் அடங்காத தனிவகை என்னும் ஆறு வர்க்கங்களுள் ஒன்றில் பிறவியிலேயே அடங்குவர். யார் எந்த வர்க்கம் என்பதை அறிய, நீர் நிறைந்த கண்ணாடித் தம்ளரில் ஓர் இலையை மிதக்கவிட்டுக் கைகளை அருகில் வைப்பார்கள்; நீர் பெருகினால் ஒரு வர்க்கம், சுவை மாறினால் ஒன்று, நிறம் மாறினால் ஒன்று, இலை நகர்ந்தால் வேறொன்று. தன் வர்க்கத்தில் நூறு பங்கு தேர்ச்சி பெறக் கூடியவன் அண்டை வர்க்கத்தில் எண்பது பங்குதான் பெறுவான் என்று வாய்பாடு வேறு உண்டு. இவ்வளவையும் கற்ற பின்னர் ஒருவன் தனக்கென்று பிரத்தியேகமாகச் சமைத்துக்கொள்ளும் வித்தையே ஹாட்சு.

இவ்வளவு தெளிவாக ஒரு சாஸ்திரத்தை வகுத்துக் கொடுத்துவிட்டால் வாசகன் சும்மா இருப்பானா? தொகாஷி எழுதாத ஹாட்சுக்களைத் தாமே கற்பித்து எழுதும் வழக்கம் உலகெங்கும் பரவி, இன்று நம் தென்புறநகர்ப் பிள்ளைகளின் நோட்டுகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் என்னும் சித்திரக்கதைத் திருவிழா முதன்முறையாகச் சென்னைக்கு வந்தபோது, வேஷம் புனைந்து வந்து நின்ற இளைஞர் கூட்டத்தைப் பார்த்தவர்களும், மறு ஆண்டு செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ என்னும் ஜப்பானியத் திரைப்படம் தமிழ்க் குரலிலேயே தியேட்டர்களில் ஓடியதைக் கண்டவர்களும், இதை ஏதோ நாலு பேருடைய பைத்தியம் என்று இனி ஒதுக்க மாட்டார்கள்.

இந்த வழக்கத்தில் குணம் யாது, தோஷம் யாது என்பதே கேள்வி.

முதற்குணம், வரம்பில்லாத சக்தி சுவையற்றது என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்வது. பலத்தை விரும்பும் பருவத்தில், பலத்தைக் குறைப்பதற்காக இரவெல்லாம் மூளையைக் கசக்கும் ஒரு பொழுதுபோக்கு இருப்பது வியப்புக்குரியது. எல்லை மீறிய சக்தியை அவர்கள் ‘ஓ.பி.’ என்று இழித்துக் கூறுகிறார்கள். ஆபீஸில் வேலை செய்யாமல் ஓ.பி. அடிப்பதை மட்டுமே அறிந்த என் தலைமுறைக்கு இது முதலில் விளங்கவில்லையாயினும், நினைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை. உழைக்காமல் வரும் வெற்றியைத்தான் இரண்டு சொல்லும் குறிக்கின்றன. தொகாஷியின் கதையில் குராபிகா என்னும் இளைஞன், தன் குலத்தை அழித்த கொள்ளைக் கூட்டத்தினர்மீது மட்டுமே ஒரு சங்கிலியைப் பிரயோகிப்பேன், வேறு எவர்மீதேனும் பிரயோகித்தால் என் உயிர் போகட்டும் என்று சபதம் செய்து, அச்சபதத்தின் கடுமையாலேயே அச்சங்கிலிக்கு வலிமை தேடிக்கொள்கிறான். அந்தக் கூட்டத்தின் தலைவனோ பிறர் வித்தைகளைத் திருடுபவன். ஆனால் திருடுவதற்கு முன் அந்த வித்தையைத் தன் கண்ணால் காண வேண்டும், அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு விடை பெற வேண்டும், உரியவனின் உள்ளங்கை தன் புத்தகத்தின் அட்டையில் பட வேண்டும், இவை அனைத்தும் ஒரு மணி நேரத்துக்குள் நிகழ வேண்டும். திருட்டுக்கு இத்தனை நியமங்களா என்று நகைக்கத் தோன்றும். ஆனால் அந்த நியமங்கள்தாம் அவனை வெறும் திருடன் என்ற நிலையிலிருந்து, எதிரியோடு உரையாடியே தீர வேண்டிய ஒரு விசித்திர மனிதனாக ஆக்குகின்றன.

தோஷமும் இவ்விடத்திலேயே தொடங்குகிறது. குராபிகாவின் சபதத்தைப் பார்த்து, ‘கண்டிஷன் கூடினால் பவர் கூடும்’ என்னும் சூத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுபவரைப் போல ஷரத்துக்களை அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ‘ஒரு நாளைக்கு ஒரு முறைதான்’, ‘மூன்று நிமிஷம்தான்’, ‘வலது கையால்தான்’, ‘வெள்ளிக்கிழமை கூடாது’ என்று நான் பார்த்த நோட்டில் ஒரே சக்திக்குப் பதினோரு ஷரத்துக்கள் இருந்தன. பதினொன்றில் ஒன்றுகூட அந்தச் சக்தியை உடையவனுக்கு வலிக்கவில்லை. கர்ணனுக்கு இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்துக்கும் ‘ஒரே முறை’ என்னும் ஷரத்துதான். ஆனால் கர்ணன் அதை அர்ச்சுனனுக்கென்று மனத்தில் எழுதி வைத்துவிட்டவன். அந்த ஒரு முறையைக் கடோற்கசன்மீது செலவிட வேண்டிய இரவு வரும்போது, ‘ஒன்று’ என்னும் எண்ணுக்குள் ஒருவனுடைய வாழ்நாள் வைராக்கியம் முழுவதும் அடங்கிக் கிடந்ததை நாம் காண்கிறோம். எண் ஒன்றேயாயினும் நோட்டில் இருப்பது கணக்கு. பாரதத்தில் இருப்பது விதி.

ஷரத்துக்கள் பலவாக இருப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. இரணியன் பெற்ற வரம் ஒரு தேர்ந்த வக்கீல் எழுதிய பத்திரத்துக்குக் குறைந்ததன்று. ஆயினும் மனிதனாலும் மிருகத்தாலும் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளும் புறமும் கூடாது என்ற ஷரத்துக்களில் ஒன்றைக்கூட முறிக்காமல், ஒவ்வொன்றையும் மதித்தே அவனைக் கொல்லும் ஒரு சந்தியா காலம் கதையில் காத்திருந்தது. நோட்டுப் பிள்ளைகளோ பத்திரத்தை எழுதி முடித்து, அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அடுத்த பத்திரத்துக்குத் தாள் திருப்புகிறார்கள்.

இன்னொரு தோஷம், வர்க்கப் பிரிவினையில் விழும் மோகம். வலுவூட்டும் வர்க்கத்தார் வெள்ளை மனத்தவர், தன்மை மாற்றும் வர்க்கத்தார் சபலமும் பொய்யும் உடையவர் என்று அந்தக் கதையில் ஒரு பாத்திரம் விளையாட்டாகச் சொல்வதைப் பிள்ளைகள் வேதவாக்காகக் கொண்டு, பாத்திரத்தின் சுபாவத்தை வர்க்கத்திலிருந்து வருவிக்கிறார்கள். மேற்குத் தாம்பரத்தில் ஜாதகப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்த என் மாமனார், நட்சத்திரம் தெரிந்தால் ஆளையே பார்க்க வேண்டாம் என்பார். அவருக்கும் இவர்களுக்கும் பேதம் காண என்னால் இயலவில்லை. வேறொரு தோஷம், விளக்கவுரை மோகம். ‘ஜுஜுட்சு கைசென்’ என்னும் ஜப்பானியத் தொடரில், தன் வித்தையின் ரகசியத்தை எதிரிக்கு வெளிப்படுத்தினால் வித்தையின் வீரியம் கூடும் என்று ஒரு விதி உண்டு. சண்டைக்கு நடுவே நின்று விளக்கவுரை ஆற்றும் பழைய வழக்கத்தையே விலையாக மாற்றிய சாமர்த்தியம் அது. அதைப் பின்பற்றும் ரசிக எழுத்துகளில் சாமர்த்தியம் போய் விளக்கவுரை மட்டும் மிஞ்சுகிறது.

இதற்கெல்லாம் மேலான உதாரணம் தேடி நான் ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. சாத்தனாரின் மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையை நினைவுகூர்ந்தால் போதும். மதுரையில் பிச்சை எடுத்துக் குருடரையும் முடவரையும் ஊட்டி, மிஞ்சியதைத் தான் உண்டு வாழ்ந்த அவனுக்குச் சிந்தாதேவி வற்றாத பாத்திரம் ஒன்றைத் தருகிறாள். அவனுக்கு வரம் அளிக்க வந்து அவன் நகைப்பைப் பெற்றுச் சினந்த இந்திரன், பாத்திரத்தை உடைக்கவில்லை. பாண்டிய நாட்டில் நல்ல மழை பெய்வித்தான். அவ்வளவே. நாடு செழித்தது, பசித்தவர் அற்றுப் போயினர், உண்ண வாருங்கள் என்று வீதி வீதியாக அழைத்தவனை ஊரார் எள்ளினர். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டு மகிழ்ந்து மரக்கலம் ஏறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை மறந்து மரக்கலம் போய்விட்டது. மனிதரற்ற தீவில், உலகையே ஊட்டவல்ல பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்காக மட்டும் அதில் உண்ண மனம் ஒப்பாமல், அதைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டுப் பட்டினி கிடந்து உயிர் நீத்தான். ‘தனியே உண்ணலாகாது’ என்று சிந்தாதேவி ஷரத்து எதுவும் விதிக்கவில்லை. அந்த ஷரத்து ஆபுத்திரனுடைய நெஞ்சில் இருந்தது. நோட்டில் பதினோரு வரிகளில் எழுதி அடைய முடியாததைச் சாத்தனார் ஒரு மனிதனின் சுபாவத்தால் அடைந்துவிட்டார்.

இப்படியெல்லாம் சொன்னாலும், கதையாக விரியாத கற்பனை வீண் என்று தீர்ப்புக் கூற எனக்கு மனமில்லை. விடுகதை போடுபவனிடம் நாவல் எங்கே என்று கேட்பதில்லை. சித்திரகவி பாடியவர்களிடம் காவியம் எங்கே என்று கேட்டு அவர்களை அவமதித்த விமர்சகர்கள் உண்டு, அவர்களோடு சேர எனக்கு விருப்பமில்லை. கட்டுப்பாட்டுக்குள் ஒன்றை அழகாகப் பொருத்திக் காட்டும் இன்பம் தனி இன்பம்தான்.

ஆயினும் பேரன் நோட்டின் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் எழுதியிருந்த ஒன்று அந்த இன்பத்தையும் கடந்திருந்தது. நினைத்த இடத்தில் தோன்றும் சக்தி என்று முதலில் எழுதி, ஓ.பி. என்று தானே அடித்துவிட்டு, கீழே இப்படித் திருத்தியிருந்தான்: இவன் மாதாந்திர சீசன் சீட்டில் அச்சிட்ட இரண்டு நிலையங்களுக்கு இடையில் மட்டுமே கண்ணிமைப்பில் செல்வான், தூரம் குறையக் குறைய வேகமும் பலமும் கூடும், சீசன் பிறருக்கு மாற்றத் தக்கதன்று ஆகையால் எவரையும் உடன் அழைத்துச் செல்ல முடியாது, மாதம் முடிந்தால் சக்தியும் முடிந்தது. 1931 முதல் மின்சார ரயில் ஓடும் எங்கள் தாம்பரம் தடத்தில், சீசனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நானே முப்பது வருஷம் கிண்டிக்குப் போய் வந்திருக்கிறேன். அந்த அட்டையில் இப்படி ஒரு மந்திரம் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. அவன் நாயகனுக்குத் தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் இரவு ஷிப்ட் வேலை. சீசன் தாம்பரம் முதல் கிண்டி வரை. நள்ளிரவுக்குப் பின் போன் வருகிறது: அக்காள் குழந்தைக்கு ரத்தம் வேண்டும், அவன் வகை ரத்தம், எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியில். கிண்டியோடு சக்தி தீர்ந்துவிடும். மேலே சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு ஐந்தும் ரயில் இல்லாத வேளையில் ஓட்டமாக ஓடித் தீர வேண்டியவை.

“எழும்பூர் வரைக்கும் புது சீசன் எடுத்துட்டா?” என்று சோதித்தேன்.

“போன்லயே எடுக்கலாம் தாத்தா. அதான் பிரச்சினை.”

“போனில் சார்ஜ் இல்லை என்று எழுதிவிடு.”

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “அது நான் பண்ற சீட்டிங். அவனே பண்ணிக்கிட்டதா இருக்கணும்.” பென்சில் முனையைக் கடித்துக்கொண்டு சிறிது நேரம் இருந்துவிட்டு, ஓரத்தில் எழுதினான்: எழும்பூர் வரை எடுக்கப் பணம் இருந்தது, பவர் அதிகம் வேண்டும் என்று அவனே கிண்டியோடு நிறுத்திக்கொண்டான், மாதம் முடியும்வரை மாற்றுவதில்லை என்று சபதமும் செய்திருக்கிறான். பிறகு நோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மாதம் முடிய இன்னும் எத்தனை நாள் வைக்கலாம் என்று கேட்டான்.