கூட்டத்தின் மேல் ஏறியவன்

ஒரே நாவலை மூன்று முறை படித்து, மூன்று முறையும் வேறு வேறு பாத்திரத்தின் பக்கம் நான் சாய்ந்ததுண்டு. தாகூரின் 'கரே பாயிரே'தான் அது. 'வீடும் வெளியும்' என்று பொருள் சொல்லலாம். கல்லூரி நாட்களில் நான் ஸந்தீபின் கட்சி. குடும்பஸ்தனான பிறகு நிகிலேஷின் கட்சி. சென்ற மாதம் படித்தபோது, இருவரையும் விட்டுவிட்டு மனம் அமூல்யன் என்ற சிறுவனிடம் போய் நின்றுவிட்டது.

கதையின் பின்னணி 1905-ஆம் வருஷத்து வங்கப் பிரிவினை. ஜனங்கள் திரண்டெழுந்து அந்நியச் சரக்கை ஒதுக்கினார்கள். அந்தக் கோபம் நியாயமானது. தாகூரே பாட்டு எழுதினார். பிரிவினை அமலுக்கு வந்த அக்டோபர் 16 அன்று தெருவில் இறங்கி ராக்கி கட்டினார். பிறகுதான் விலகிக்கொண்டார். ஆகவே 1916-இல் வந்த இந்த நாவல் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர் எழுதியதல்ல.

ஸந்தீப் அந்த இயக்கத்தை உண்டாக்கியவனல்ல. அதன்மேல் ஏறி உட்கார்ந்தவன். ஜமீன்தாரான நிகிலேஷோ, ஊர் விழிப்பதற்கு முன்பே சுதேசிப் பென்சிலைச் சுதேசிக் கத்தியால் சீவி எழுதியவன். ஆனால் தன் சந்தையில் அந்நியச் சரக்கைத் தடுத்து உத்தரவு போட மறுக்கிறான். ஏழை வியாபாரியின் பிழைப்பில் கைவைக்க அவனுக்கு மனமில்லை. உடனே அவன் துரோகியாகிவிடுகிறான். பஞ்சு என்ற ஏழையின் துணிமூட்டை எரிகிறது. மிர்ஜானின் படகு மூழ்கடிக்கப்படுகிறது. எரிந்ததும் மூழ்கியதும் வெள்ளைக்காரன் சொத்தல்ல என்பதைக் கவனியுங்கள்.

ஹங்கேரிய விமர்சகர் ஜார்ஜ் லூகாச் 1922-இல் இந்நாவலைக் கடுமையாகச் சாடினார். ஸந்தீபைக் காந்தியின் கேலிச்சித்திரம் என்று கொண்டுவிட்டார். காந்தி இந்தியாவுக்குத் திரும்பியதே 1915-இல்தான். அவருக்கும் ஸந்தீபுக்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் நாவலில் குறை இல்லாமலில்லை. ஸந்தீப் தன் பேராசையைத் தன் வாயாலேயே நம்மிடம் ஒப்புக்கொண்டுவிடுகிறான். வாழ்க்கையில் இப்படிப்பட்டவர்கள் அவ்வளவு சௌகரியமாக நடந்துகொள்வதில்லை. தாங்கள் செய்வது தர்மம் என்றே நம்புகிறார்கள். அதனால்தான் அவர்களை அடையாளம் காண்பது கஷ்டமாக இருக்கிறது.

நிகிலேஷை ஆசிரியர் போதிய அளவு குற்றம் சாட்டவில்லை என்றும் எனக்குப் படுகிறது. அவன்தான் ஸந்தீபைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போடுகிறான், பணமும் கொடுத்திருக்கிறான். நண்பனாயிற்றே, எப்படிப் போகச் சொல்வது என்ற தாட்சண்யம். வெளியே போகச் சொல்லும் துணிவு வரும்போது காலம் கடந்துவிடுகிறது.

இந்தத் தாட்சண்யத்தை நானும் அறிவேன். மாணவனாக ஓர் ஊர்வலத்தில் போனேன். எங்கள் கோரிக்கை நியாயமானதுதான். நடுவழியில் யாரோ வேறு கோஷம் போட்டான். சும்மா இருந்தால் கோழை என்பார்களே என்று நானும் சேர்ந்து கத்தினேன். அடுத்த தெருவில் ஒரு டீக்கடைக்காரரின் கண்ணாடி ஜாடிகள் உடைந்தன. நான் உடைக்கவில்லை; தடுக்கவும் இல்லை.

நாவலின் முடிவில் கலவரம் மூள்கிறது. ஸந்தீப் ஊரைவிட்டுப் போய்விடுகிறான். கலவரத்தை அடக்கப் போன நிகிலேஷ் தலையில் காயத்தோடு பல்லக்கில் திரும்புகிறான். அமூல்யன் குண்டுபட்டுச் சாகிறான். ஸந்தீபைத் தெய்வமாக நம்பிய பையன். அந்த நம்பிக்கை கலைந்து, மனிதனாகத் தொடங்கியிருந்தவன். அவனுடைய சாவுச் செய்தியைத் தாகூர் ஓரிரு வரியில் முடித்துவிடுகிறார். இந்த முறை அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த டீக்கடை ஜாடிகள்தான் ஞாபகம் வந்தன.